வளைவுக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும்

“உங்களுக்கென்னக்கா, சைடு வீல் இருக்கு, வண்டி விழவே விழாது.” பதினோரு வருடமாக இதைக் கேட்டு வருகிறேன். பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கும் பையன் சொல்வான், காய்கறிக் கடை அம்மா சொல்வார், சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் முன்பின் தெரியாதவர்கூடச் சொல்வார். எல்லாரும் நல்ல மனதோடு சொல்வதுதான். முதல் மூன்று வருடம் நானும் அப்படியே நம்பினேன். வண்டி நிற்கும்போது அந்தப் பேச்சு சரி. ஓடும்போது, அதிலும் வளைவில் பிரேக் பிடிக்கும்போது, அது தப்பு. அந்தத் தப்பை ஏற்காடு மலைப்பாதையில் தெரிந்துகொண்டேன்.

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இரண்டு காலிலும் காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் உலோகச் சட்டம். வீடு சேலம் அம்மாபேட்டையில். ஏற்காட்டில் சின்னதாகக் காபித் தோட்டம் வைத்திருக்கும் மூன்று குடும்பங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலைக்குப் போய் வர வேண்டும். பஸ் படி உயரம், எனக்கு ஏற முடியாது. அதனால் சொந்தக் காசு கொஞ்சம், கடன் கொஞ்சம் என்று ஒரு 110 சிசி ஸ்கூட்டர் வாங்கி, அதில் சைடு வீல் மாட்டினேன். அந்த வண்டி வந்த பிறகுதான் யாரையும் கேட்காமல் நினைத்த நேரத்தில் வெளியே கிளம்பத் தொடங்கினேன். என் வாழ்க்கையை அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துச் சொல்லலாம்.

ஊரில் இதை மூணு சக்கர வண்டி என்பார்கள். எண்ணிப் பார்த்தால் நான்கு டயர் இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் நடுவில் ஸ்கூட்டரின் சொந்தச் சக்கரம், அதற்கு இரு பக்கமும் இரும்புச் சட்டத்தில் பொருத்திய இரண்டு சின்னச் சக்கரம். இஞ்சின் சுற்றுவது நடுச் சக்கரத்தை மட்டும். பின் பிரேக் இருப்பதும் அதில் மட்டும்தான். பக்கத்துச் சக்கரம் இரண்டிலும் பிரேக் கிடையாது, அவை சும்மா உருளும். வண்டி வாங்கிய நாளில் இதை யாராவது எனக்கு நிதானமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று ஐப்பசி மாதம். காலையிலிருந்து தூறல். வேலை முடித்து மதியம் இரண்டு மணிக்கு மேல் இறங்கத் தொடங்கினேன். அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து எண்ணினால் ஏழாவதோ எட்டாவதோ இருக்கும், இடது பக்கம் திரும்பும் வளைவு. 25 கிலோமீட்டர் வேகம் இருந்திருக்கும், அதைவிடக் கூட இல்லை. பாதி வளைவு திரும்பியாயிற்று, எதிரே பஸ் மூக்கு தெரிகிறது. பயத்தில் இரண்டு கையையும் சேர்த்து இறுக்கிவிட்டேன். அந்த நொடியில் இடது பக்கச் சக்கரம் ரோட்டை விட்டுத் தூக்கியது. வண்டி வலது பக்கமாக, பஸ்ஸைப் பார்த்துச் சாய்கிறது. கால் ஊன்றித் தடுக்க எனக்குக் கால் இல்லை. என்ன செய்தேன் என்று பிறகுதான் யோசித்துப் புரிந்துகொண்டேன்: கை தானாகப் பிரேக்கை விட்டிருக்கிறது, உடம்பு தானாக இடது பக்கம் சரிந்திருக்கிறது. சக்கரம் தொப்பென்று கீழே இறங்கியது. பஸ் ஓட்டுநர் அதற்குள் நிறுத்தியிருந்தார். அவர் திட்டவில்லை. “பார்த்துப் போம்மா, அவசரமே இல்ல” என்றார். மலையில் ஏறும் வண்டிக்குத்தான் இறங்கும் வண்டி வழி விட வேண்டும், அன்று அவர் எனக்காக நின்றார். ஓரமாக நிறுத்திக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கம் நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பெரியம்மா மகன் வீட்டுக்கு வந்தார். சேலம் ஜங்ஷன் பக்கம் இருபத்தைந்து வருடமாக ஆட்டோ ஓட்டுகிறவர். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “வளைவுக்குள்ள பிரேக் பிடிச்சியா, பாப்பா?” என்பது. ஆமாம் என்றேன். “அதான். வளைவுக்கு முன்னாலயே பிடிச்சு முடிச்சிரணும். உள்ள போயிட்டா பிரேக்கு கிடையாதுன்னு நெனச்சுக்க” என்றார். ஆட்டோவும் என் வண்டியும் இந்த விஷயத்தில் ஒரே சாதி. முன்னால் ஒன்று, பின்னால் அகலமாக இரண்டு.

ஏன் அப்படி என்பதை எனக்கு விளங்க வைத்தது நடைவண்டி. சின்ன வயதில் என்னை நடக்க வைக்க அப்பா தச்சரிடம் சொல்லிச் செய்து கொடுத்த மரவண்டி, இன்னமும் பரணில் இருக்கிறது. இறக்கித் தரையில் வைத்துப் பார்த்தேன். பின்னாலிருந்து நேராகத் தள்ளினால் ஆடாமல் போகும். பக்கவாட்டில் பின் சக்கரத்துக்கு நேராக இடித்தாலும் லேசில் சாயாது. ஆனால் முன்மூலையைப் பார்த்து, அதாவது முன்னுக்கும் பக்கத்துக்கும் இடையில் கோணமாகத் தள்ளினால், உடனே கவிழ்கிறது. காரணம் அந்த மூலையில் சக்கரம் இல்லை. முன் சக்கரத்தையும் வெளிப் பின் சக்கரத்தையும் சேர்த்து மனதில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். எடையின் தள்ளல் அந்தக் கோட்டைத் தாண்டினால் வண்டி கவிழும்.

வளைவில் திரும்பும்போது எடை வெளிப்பக்கம் தள்ளுகிறது. பிரேக் பிடித்தால் எடை முன்னால் தள்ளுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால், எடை சரியாக அந்தச் சக்கரமில்லாத மூலைக்குப் போய் நிற்கிறது. பஸ்ஸைப் பார்த்ததும் நான் செய்தது இதைத்தான். இதில் வேகத்தின் பங்கு நாம் நினைப்பதைவிட அதிகம். அதே வளைவில் வேகம் இரண்டு மடங்கானால் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். 15-இல் சாதுவாகத் திரும்பும் வண்டி 30-இல் வேறு வண்டி. இரண்டு சக்கர வண்டிக்காரர் வளைவில் வண்டியையே உள்ளே சாய்த்துச் சமாளிக்கிறார். என் வண்டி சாயாது, பக்கத்துச் சக்கரம் விடாது. ஆகவே சாய வேண்டியது நான்தான். இடது வளைவென்றால் இடது தோளை இறக்கி, இடுப்புக்கு மேல் உடம்பை உள்பக்கம் கொண்டுபோகிறேன். காலால் அழுத்தம் கொடுக்க முடியாத எனக்கு இது பழக நான்கைந்து மாதம் ஆனது.

வெளிநாட்டில் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் செய்கிறவர்களும் இதே சிக்கலோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். இத்தாலியின் பியாஜியோ 2006-இல் கொண்டுவந்த எம்பி3 ஸ்கூட்டரில் இரண்டு சக்கரம் முன்னால், ஒன்று பின்னால். முன் இரண்டும் வளைவில் சாயவும் செய்யும். கனடாவின் கேன்-ஆம் ஸ்பைடர் 2007-இல் வந்தது. அதிலும் முன்னால் இரண்டு சக்கரம், அவை சாயாது. ஆனால் காலில் ஒரே பெடல், அதை மிதித்தால் மூன்று சக்கரமும் பிரேக் பிடிக்கும், சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் உண்டு. பிரேக் பிடித்தால் எடை போகும் மூலையில் அங்கே ஒரு சக்கரம் காத்திருக்கிறது. முன்னால் ஒற்றைச் சக்கரம் வைத்த, ரோடில்லாத இடத்திலும் ஓட்டும் மூன்று சக்கர ஏடிவி வண்டிகள் அமெரிக்காவில் அடிக்கடி கவிழ்ந்ததால், 1988-இல் அங்கே அவற்றைப் புதிதாக விற்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்த ஊரில் அது பொழுதுபோக்கு வண்டி, நிறுத்திவிடலாம். நமக்கு இது கால். நிறுத்த முடியாது, ஓட்டப் படித்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னை ஆளில்லாத மைதானத்துக்குக் கூட்டிப்போனார். சுண்ணாம்பில் கோடு போட்டார். 30 வேகத்தில் வந்து, கோட்டில் பிரேக் பிடிக்க வேண்டும், எங்கே நிற்கிறது என்று அவர் காலடியால் அளப்பார். முதலில் இடது கைப் பிடி மட்டும். அப்போதிருந்த என் பழைய வண்டியில் அது பின் சக்கரத்துக்கு மட்டுமான பிரேக். நடுச் சக்கரம் கிரீச்சிட்டு இழுத்துக்கொண்டே போய்ப் பதினெட்டுக் காலடியில் நின்றது. அடுத்து இரண்டு கையும் சேர்த்து. பத்துக் காலடி. நான் நம்பவில்லை, இன்னும் நான்கு முறை செய்து பார்த்தோம். கிட்டத்தட்ட அதேதான்.

முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய் என்று வண்டி பழகிய காலத்தில் எனக்குச் சொல்லியிருந்தார்கள். குறிப்பாகப் பெண்களிடம் இதை ஏன் இத்தனை உறுதியாகச் சொல்கிறார்களோ! பிரேக் பிடித்ததும் எடை முன்னால் போகிறது, எனவே ரோட்டை அழுத்திப் பிடித்திருப்பது முன் சக்கரம்தான். பின் சக்கரம் அந்த நேரத்தில் இலேசாகிவிடும். என் வண்டியில் அது இன்னும் இலேசு, ஏனென்றால் பின்பக்க எடையில் ஒரு பங்கைப் பக்கத்துச் சக்கரங்கள் வாங்கிக்கொள்கின்றன. அதனால் முன் பிரேக் வேண்டும், ஆனால் நேரான ரோட்டில், ஹேண்டில் நேராக இருக்கும்போது. முதலில் தொட வேண்டும், எடை முன்னால் வந்து உட்கார ஒரு கணம் விட வேண்டும், அப்புறம் அழுத்த வேண்டும். வெடுக்கென்று இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் சக்கரம் பூட்டிக்கொண்டால், நீங்கள் எந்தப் பக்கம் திருப்பியிருந்தாலும் வண்டி நேராகத்தான் போகும்.

2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் 125 சிசி வரையுள்ள எல்லா இரு சக்கர வண்டியிலும் கோம்பி பிரேக்கோ ஏபிஎஸ்ஸோ கட்டாயமானது. நான் 2021-இல் வாங்கிய இப்போதைய ஸ்கூட்டரில் கோம்பி பிரேக். இடது பிடியை அழுத்தினால் பின் பிரேக்கோடு முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். இது பெரிய உதவி. அதற்காக வலது கையை மறந்துவிடக் கூடாது. முழுப் பலம் இரண்டு பிடியிலும் சேர்ந்துதான் கிடைக்கும்.

சைடு வீல் மாட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். என் முதல் வண்டிக்கு மாட்டித் தந்த பட்டறையில் பக்கத்துச் சக்கரங்களை ஒரு விரல்கடை கூடுதலாக இறக்கி வைத்துவிட்டார்கள். வண்டி கட்டில் மாதிரி ஆடாமல் நின்றது, எனக்கும் சந்தோஷம். நடுச் சக்கரத்தில் போதிய எடை இல்லை என்பது வீட்டுக்கு வந்து பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பள்ளமான இடத்தில் பக்கத்துச் சக்கரம் இரண்டும் மேட்டில் உட்கார்ந்துகொள்ளும், நடுச் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். ஆக்சிலேட்டர் திருகினால் நகராது. நகராதது பரவாயில்லை, அதே இடத்தில் பின் பிரேக்கும் வேலை செய்யாதே! இப்போது பார்க்கும் மெக்கானிக் தம்பி ஒரு சோதனை சொல்லித்தந்தார். என்னை வண்டியில் உட்கார வைத்து, சமதரையில் இருவர் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொள்ள, மூன்று சக்கரத்தின் கீழும் காகிதத்தை நுழைத்து இழுத்துப் பார்ப்பார். பக்கத்துக் காகிதம் சற்றே தளர்வாக வர வேண்டும், நடுக் காகிதம் வரவே கூடாது. “அக்கா, நடுவீலுதான் வண்டி. மத்த ரெண்டும் கைத்தாங்கல்” என்பார். ஆள் உட்காராமல் காலி வண்டியில் அளந்தால் ஸ்பிரிங் அமுங்காது, கணக்குத் தப்பும்.

பக்கத்துச் சக்கரம் இரண்டிலும் காற்று ஒரே அளவு இருக்க வேண்டும். ஒன்றில் குறைந்தாலும், பேரிங் இறுகினாலும், வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பிரேக் பிடிக்கும்போது இந்த இழுப்பு நன்றாகத் தெரியும். சமரோட்டில் மெதுவாக ஓட்டி, இலேசாகப் பிரேக் பிடித்து, வண்டி ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். பிரேக் பிடியின் நுனியில் ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் தளர்வுதான் இருக்கலாம். அதற்கு மேல் போனால் திருகி இறுக்கிக்கொள்ள வேண்டும்.

இனி மலை இறக்கம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்குள். வண்டி, சைடு வீல், நான், கணக்குப் புத்தகப் பை எல்லாம் சேர்த்து 220 கிலோ என்று வைத்துக்கொண்டு ஒருநாள் கணக்குப் போட்டேன். 1,200 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், எட்டு லிட்டர் தண்ணீரைக் குளிர்நிலையிலிருந்து கொதிக்க வைக்கப் போதும். காற்றும் இஞ்சினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க இரண்டு பிரேக் டிரம்முக்குள் சூடாக இறங்குகிறது. உள்ளங்கை அகல டிரம் அது.

கியர் வண்டி என்றால் இரண்டாவது கியரில் போட்டு இஞ்சினே இழுத்துப் பிடிக்கும்படி இறங்கலாம். ஸ்கூட்டரில் அந்த வசதி குறைவு. அதன் கிளட்ச் இஞ்சின் சுற்றும் வேகத்தால் தானாகப் பிடிப்பது. ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, வேகமும் குறைந்துவிட்டால், கிளட்ச் விட்டுவிடும், வண்டி அவிழ்த்துவிட்ட மாதிரி உருளத் தொடங்கும். மலையில் முதல்முறை ஓட்டுபவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. மெதுவாகத்தானே போகிறோம், ஏன் வேகம் ஏறுகிறது என்று புரியாது. அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை ஒரு சிட்டிகை திருகி மூடினால் கிளட்ச் மறுபடி பிடிக்கும், இஞ்சின் கொஞ்சம் தாங்கும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இருக்கிற கொஞ்சத் தாங்கலும் போய்விடும்.

பிரேக்கை இலேசாகத் தேய்த்தபடியே இறங்குவதும் தப்பு. டிரம்முக்கு ஆறவே நேரம் கிடைக்காது. நேர்ப்பகுதியில் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுக்க விட்டுவிட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். விடும் நேரத்தில் டிரம் காற்று வாங்கும். சூடு ஏறினால் டிரம் விரியும், அப்போது பிடி வழக்கத்தைவிட ஹேண்டிலுக்கு நெருங்கி வரும், எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு மந்தமாக இருக்கும். ஒரு கருகல் வாசனையும் வரும். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அடுத்த அகலமான இடத்தில் ஓரம் கட்டிவிடுவேன். இருபது நிமிடம் போதும். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது, சூடான இரும்பு கோணிக்கொள்ளும். நான் இறங்கும்போது இரண்டு இடத்தில் கட்டாயம் நிற்கிறேன், சூடு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். கீழே வெள்ளைவெளேரென்று மேக்னசைட் சுரங்கமும், அதற்கப்பால் சேலம் முழுக்கவும் தெரியும் ஒரு திருப்பம் இருக்கிறது, அங்கே ஒன்று.

நிற்கும் இடம் சரிவாக இருந்தால் கவனம். இஞ்சின் அணைந்த ஸ்கூட்டரைக் கியர் எதுவும் பிடித்து வைக்காது. சைடு ஸ்டாண்டும் நமக்கு உதவாது. இடது பிடியில் பிரேக் லாக் இருந்தால் போட்டுவிட்டு, அதற்கு மேல் சக்கரத்துக்கு ஒரு தடுப்பும் வைக்கிறேன். கல்லைக் குனிந்து எடுக்க எனக்கு முடியாது என்பதால் கயிறு கட்டிய மரக்கட்டை ஒன்றை வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.

ஊருக்குள் ஓட்டுவது மலையைவிட எளிது என்று நினைக்க வேண்டாம். இரண்டு சக்கரக்காரருக்கு ரோட்டில் ஒரே தடம், பள்ளத்தை ஒதுக்கிப் போய்விடுவார். எனக்கு மூன்று தடம். நடுவை ஒதுக்கினால் பக்கம் இறங்கும். எனவே ஒதுக்குவதற்குப் பதில் முன்னாலேயே வேகம் குறைத்து, பள்ளத்துக்குள் இறங்கும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிடுகிறேன். வேகத்தடையைக் கோணலாக ஏறக் கூடாது, நேராகத்தான். 2020-இல் திறந்த ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தில் இறங்கும்போது ஓரத்தில் மணல் சேர்ந்திருந்தால் அங்கே பிரேக் வழுக்கும், ஆகவே மேலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். மலைப்பாதையில் குரங்கு குறுக்கே வந்தால் ஹேண்டிலை ஒடிக்க மாட்டேன். நேராக வைத்து, நேராகப் பிரேக். ஓரத்தில் வண்டியை நிறுத்தி அவற்றுக்குத் தீனி போடுகிறவர்கள், அந்தக் குரங்கு அடுத்து யார் வண்டிக்குக் குறுக்கே ஓடும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் நல்லது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தம் எங்கள் வண்டிக்கு ‘மாற்றியமைக்கப்பட்ட வாகனம்’ என்று மரியாதையான பெயர் தந்தது. அரசு தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரால் எத்தனையோ பேர் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறார்கள். அதை நான் முழு மனதோடு பாராட்டுகிறேன். சாவி கொடுக்கும் நாளில் ஒரு மணி நேரம் மைதானத்தில் பிரேக் பிடிக்கவும் சொல்லித்தந்தால் போதும், வேறெதுவும் கேட்கவில்லை. பக்கத்துச் சக்கரத்திலும் பிரேக் வைக்க முடியுமா என்று வண்டி வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகள் யோசிக்க வேண்டும் என்றும் ஆசை. ஆட்டோவில் ஒரு பெடல் மூன்று சக்கரத்தையும் பிடிக்கிறதே.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் புது வண்டி வந்தது. கல்லூரி முதல் வருடம் படிக்கிறாள், வலது கால் சூம்பியது. ஞாயிறுகளில் அதே மைதானத்துக்குப் போகிறோம். அண்ணன்தான் கோடு போடுகிறார், முட்டி வலியால் இப்போது காலடிக்குப் பதில் டேப் வைத்து அளக்கிறார். முதல் நாள் அவள் வளைவுக்குள் பிரேக் பிடித்தாள், உள்பக்கச் சக்கரம் ஒரு விரல் உயரம் எழும்பி இறங்கியது. 12 வேகம்தான், ஆபத்தில்லை. ஆனால் அவள் முகம் மாறியது தெரிந்தது. “அத்தை, தூக்குச்சு!” என்றாள். மூன்றாவது ஞாயிறு, கோட்டுக்கு முன்னாலேயே வேகத்தை இறக்கி, பிரேக்கை விட்டு, தோளை உள்ளே சாய்த்துச் சத்தமில்லாமல் திரும்பினாள். ஏற்காட்டுக்கு எப்போது கூட்டிப்போவீர்கள் என்று உடனே கேட்டாள். இன்னும் நாலு ஞாயிறு ஆகட்டும், மழையும் விடட்டும் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மறுபடி கோட்டுக்குத் திரும்பிப் போனாள்.